ஒண்டி

ராத்திரி ஷிப்டில் எடைமேடை என் பொறுப்பு.
பர்கூர் கிரானைட் யார்டு, இரண்டாம் நம்பர் வாசல்.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் நடுங்கி நிற்கும்.
இருபத்தெட்டு டன் நானூறு.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தால்
அடுத்த நாற்பது நிமிஷம் யாரும் வரமாட்டார்கள்.

அந்த நாற்பது நிமிஷத்தில்தான் பார்த்தேன்.
எலத்தகிரிப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட் இருதயராஜ்
அனுப்பிவைத்த நான்கு படங்கள்.
எந்தத் தேசத்து மலையுச்சியிலோ ஒரு தொலைநோக்கி
ஒரே வானத்தைப் பத்துப் பத்து நிமிஷம் விட்டு எடுத்தது.
மாற்றி மாற்றிப் புரட்டினால் நட்சத்திரம் அசையாது.
அசைவது எதுவோ அது நமக்கு.

முதல் மாதம் பிடித்ததெல்லாம் பழுது:
கேமராத் தூசி, ஒளிக்கீறல்,
எவனோ முன்பே பிடித்து எண் போட்டது.
ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை
உப்புப்பொடியை விட மங்கலாய் ஒன்று
படத்துக்குப் படம் நூல் பிடித்தாற்போல் நகர்ந்தது.
நான்காவதில் இங்கே இருக்கும் என்று விரல் வைத்தேன்.
இருந்தது.
கத்தியிருப்பேன், லாரி வந்துவிட்டது.
அந்தச் சீட்டில் ஆயிரம் கிலோ தப்பாக அடித்தேன்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

தற்காலிகப் பேர் வந்தது:
வருஷம், இரண்டு எழுத்து, ஓர் எண்.
எங்கள் கல்லுக்கும் அதே கதிதான்.
அறுத்து இறக்கியதும் சிவப்புப் பெயின்ட்டில் எண்,
பேரை வாங்குகிறவன் வைப்பான்.
இளஞ்சிவப்பில் அலையோடும் இந்தக் கல்
கப்பலேறினால் பாரடைஸோவாம்.
ஜெகதேவியில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிறகு அது சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது.
சில ராத்திரிப் புள்ளிகளை வைத்து வரைந்த பாதை,
யாரும் சத்தியம் பண்ண முடியாது.
பதினாறு மாதம்.
அதற்குள் அணை இரண்டு தரம் திறந்தது,
இருதயராஜுக்கு மகள் பிறந்தாள்,
நான் ஓசூரில் வேலை கேட்டுக் கிடைக்காமல் திரும்பினேன்.
சிலியில் பேர் தெரியாத ஒருவர்
கணக்கு சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி
அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நான்கு வருஷம் மூன்று மாதம், ஒரு சுற்று.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்
லேசாக நசுங்கிய வளையல்.
இன்னும் சில தரம் முகம் காட்டியபின் நிரந்தர எண்.
தொலைநோக்கிக்காரர்கள் பெரிய மனசு பண்ணி
பேரை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்.

பதினாறு எழுத்துக்குள்.
முதலாளி கம்பெனி பேரைப் போடச் சொன்னார்.
வியாபாரப் பேர் ஆகாது.
கவுன்சிலர் தன் தலைவர் பேரைச் சொன்னார்.
அரசியல்காரர் என்றால் செத்து நூறு வருஷம் ஆகணுமாம் என்றேன்.
அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
இருதயராஜ் எதுவும் சொல்லவில்லை,
போனில் மகள் படத்தை மட்டும் காட்டினான்.
புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.
அது இன்னும் உறுத்துகிறது.

சினிமாவில் காட்டுகிற மாதிரி
அங்கே ஜல்லி கொட்டிக் கிடக்கவில்லை.
ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும்
லட்சக்கணக்கில் கிலோமீட்டர்.
ஹாரன் அடிக்காமலே கடந்து போகலாம்.

யார்டு நடுவில் நானூற்றுப் பதினேழு நிற்கிறது.
மயிரிழை விரிசல், வெளிநாட்டுக்காரன் தள்ளிவிட்டான்.
நான் வேலைக்குச் சேரும் முன்பிருந்தே அங்கேதான்.
லோடுமேன்கள் டிபன் டப்பா வைப்பார்கள்,
நாய் நிழலுக்குப் படுக்கும்.
எல்லாரும் அதை ஒண்டி என்பார்கள்.

படிவத்தில் அதையே எழுதினேன்.
விளக்கம் கேட்டிருந்த கட்டத்தில்:
யாரும் வாங்காததால் நின்ற கல்.
யோசித்து, இன்னொரு வரி:
எங்கள் லாரிகள் இதைச் சுற்றித்தான் திரும்பும்.

பதில் வரவில்லை.
மணி மூன்றேகால். ஹெட்லைட் ஒண்டியை ஒரு வளை வளைத்து
மேடையில் ஏறுகிறது.
காலி வண்டி எடை போடும்மா, என்கிறார் டிரைவர்.